நாய்க்கு இன்ஷூரன்ஸா? கையெழுத்துப் போடுமுன் கவனியுங்கள்!

வீட்டு நாய்க்கு எலும்பு முறிவோ, ‘பார்வோ’ வாந்திபேதியோ வந்துவிட்டால் வைத்தியச் செலவு குடும்ப பட்ஜெட்டையே ஆட்டிவிடும். அதனால்தான் இப்போது நாய், பூனைக்கும் இன்ஷூரன்ஸ் எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பிரீமியம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

எடுக்கும்போது:

* எந்த நோய்க்குப் பணம் கிடையாது, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், வயது வரம்பு என்ன என்பதை ஏஜென்ட் வாயால் கேட்டால் போதாது. பாலிசியோடு தரவேண்டிய ‘வாடிக்கையாளர் தகவல் தாளை’க் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

* ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காதீர்கள். பின்னால் அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுப்பார்கள்.

* தடுப்பூசி தவறினால், அந்தத் தடுப்பூசி தடுக்கும் நோய்க்குப் பல பாலிசிகளில் பணம் வராது.

* பிடிக்கவில்லையா? இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ம் ஆண்டு விதிப்படி, தனிநபர் பாலிசியைக் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஓராண்டுக்குள்ளான பாலிசியில் கிளெய்ம் எதுவும் இல்லையென்றால் மீதி நாட்களுக்கான பிரீமியம் திரும்பக் கிடைக்கும்.

சிகிச்சையின்போது:

சொறி, சிரங்கு என்று நாய்க்கும் மருந்து கேட்டு எங்களைப் போன்ற சித்த மருத்துவர்களிடம் வருபவர்கள் உண்டு. நாங்கள் எழுதித் தரும் சீட்டு கிளெய்முக்கு உதவாது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழும் பில்லும்தான் கேட்பார்கள். கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தினால் நோயும் முற்றும், ‘ஏன் தாமதம்?’ என்ற கேள்வியும் வரும். முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கம்பெனிக்கும் உடனே தகவல் கொடுத்துவிடுங்கள்.

பணம் மறுக்கப்பட்டால்:

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

இன்னொரு வழி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இன்ஷூரன்ஸும் அதில் ஒரு ‘சேவை’தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது காகிதம்தான். தடுப்பூசி அட்டை, பில், மருந்துச் சீட்டு, கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.