உயிரினங்களும் வானிலையும்

எறும்புகள் தம் முட்டைகளைக் கவ்விக்கொண்டு வரிசையாக மேட்டிடம் நோக்கிச் செல்லக் கண்டால், மழை அணித்தே உளது என்று கூறி, களத்திற் காயும் நெல்லை உழவர் அள்ளிக் குவிப்பர். தட்டான்கள் தாழப் பறப்பினும், அந்தியில் ஈசல் புற்றினின்று புறப்படினும் அவர் கூறுவது அதுவே. இக்கூற்று முற்றும் பொய்யாயின் வழிவழியாக நிலைத்திராது. முற்றும் மெய்யாயின் வானிலை நிலையங்கள் வேண்டாவாகும். எனவே, உயிரினங்கள் வானிலை மாற்றத்தை முன்னரே உணர்கின்றனவா, உணரின் எவ்வாறு உணர்கின்றன என்பது ஆராயத்தக்கதாம்.

இதனை ஆராயப் புகுவோர் முதற்கண் ஒரு வேறுபாட்டை உளங்கொள்ளல் வேண்டும். இனி வரப்போவதை அறிதல் வேறு. தொடங்கிவிட்டதைப் பிறர்க்கு முன்னர் உணர்தல் வேறு. மழைத்துளி நிலத்தில் விழுவதற்கு நெடுநேரம் முன்னரே காற்றில் ஈரம் மிகலாம், காற்றழுத்தம் குறையலாம், காற்று வீசும் திசையும் மாறலாம். இம்மாற்றங்கள் மனிதர்க்கு எளிதிற் புலனாவதில்லை. நுண்ணிய புலனுடைய உயிர்களுக்கோ புலனாகின்றன. ஈசலின் மெல்லுடல் உலர்ந்த காற்றில் விரைந்து வாடிவிடும். புதுப்புற்று எடுப்பதற்கும் ஈரத்தால் இளகிய நிலமே ஏற்றது. ஆதலின் அது ஈரம் மிக்க பொழுதை நாடி வெளிப்படுகின்றது. தகைவிலான் என்னும் பறவை மழைக்கு முன் தாழப் பறப்பதன் காரணத்தைக் கேட்டால் நகைப்பே தோன்றும். அது தின்னும் சிறு பூச்சிகள் அவ்வேளையில் தாழ்ந்து பறக்கின்றன. பறவை தன் இரையைப் பின்தொடர்கின்றது என்பர்.

மழைக்கு முன் பசுக்கள் படுத்துவிடும் என்பது மேலைநாட்டார் பலரது நம்பிக்கை. பசு அசைபோடுதற்கும் படுக்குமாதலின் அதனைச் சான்றாகக் கொள்ளல் இயலாது. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், 1887 முதல் பிப்ரவரி 2ஆம் நாளன்று வளைவாழ் விலங்கு ஒன்றை வெளிக்கொணர்ந்து, அது தன் நிழலைக் கண்டதா இல்லையா என்பதைக்கொண்டு குளிர்காலம் நீளுமா என்று கூறுவர். அது திருவிழாவேயன்றி அறிவியலன்று.

உயிரினங்களின் உணர்வைக் கருவியாக்கிக் கடலோடிகளைக் காக்க முயன்றார் ஒருவர். அவர் இங்கிலாந்திலுள்ள விட்பி என்னும் துறைமுக ஊரில் வாழ்ந்த மருத்துவர் ஜார்ஜ் மெரிவெதர். புயலுக்கு முன் அட்டைகள் அமைதியிழந்து நீரினின்று மேலேறும் என்பதைக் கருத்திற்கொண்டு, அவர் பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகளை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையை இட்டார். அட்டை குப்பியின் கழுத்துவரை ஏறினால் ஆங்குள்ள சிறு துண்டு அசைந்து, மேலே தொங்கும் மணியை ஒலிக்கச் செய்யும். பல மணிகள் ஒலிப்பின் புயல் வரும் என்பது அவர் கணிப்பு. அட்டைகள் தனிமையால் வருந்தாமல் ஒன்றையொன்று காணவேண்டும் என்றே குப்பிகளை வட்டமாக வைத்தாராம்! 1851இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் இக்கருவி இடம்பெற்றது. எனினும் ஆங்கில அரசினர் இதனை மேற்கொண்டிலர்.

அவர்கள் பாரமானியையே நம்பினர். 1859 அக்டோபர்த் திங்களில், ஆஸ்திரேலியாவினின்று மீண்டுகொண்டிருந்த 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல், வேல்ஸ் நாட்டை அடுத்த ஆங்கிள்சி தீவின் கரையில் புயலிற் சிக்கிப் பாறைமீது மோதி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். இக்கொடுமைக்குப் பின், ஃபிட்ஸ்ராய் என்னும் கடற்படைத் தலைவர், பல ஊர்களின் பாரமானி அளவுகளைத் தந்தி வாயிலாகத் திரட்டி, 1861 முதல் துறைமுகங்களுக்குப் புயலெச்சரிக்கை விடுக்கலானார். அழுத்தம் எவ்வளவு குறைந்தது, எவ்விடத்துக் குறைந்தது என்பவற்றைப் பாரமானி காட்டும். அட்டை மேலேறியது புயலாலோ வேறொன்றாலோ என்பதை மணியோசை கூறாதன்றோ?

ஆயினும் காற்றழுத்தத்தை உயிர்கள் உணர்கின்றன என்பது பிற்கால ஆராய்ச்சிகளால் வலுப்பெற்றுள்ளது. 2001 செப்டம்பரில் கேப்ரியல் என்னும் புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, ஆழமற்ற ஒரு விரிகுடாவில் வாழ்ந்த இளஞ்சுறாக்கள் அழுத்தம் குறையக் குறைய ஆழ்கடல் நோக்கி வெளியேறின. புயல் கடந்தபின் மீண்டன. ஒலிக்கருவி பொருத்தப்பட்டிருந்தமையால் அவற்றின் செலவும் வரவும் தெளிவாக அறியப்பட்டன. வட அமெரிக்கச் சிட்டு வகை ஒன்றனை அடைத்துவைத்து, அழுத்தத்தை மட்டும் குறைத்துப் பார்த்தபோது, அவை வழக்கத்தினும் மிகுதியாக இரையுண்டன. பறவைகளின் நடுச்செவியில் அமைந்துள்ள நுண்ணிய உறுப்பு ஒன்று அழுத்தத்தை அறியப் பயன்படலாம் என அறிஞர் கருதுகின்றனர்.

அழுத்தத்தால் மட்டும் விளக்கவியலாத நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. பொன்னிறகுக் கதிர்க்குருவி என்பது ஒன்பது கிராம் அளவே எடையுள்ளது. தென்னமெரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து, இனப்பெருக்கத்தின் பொருட்டு வடக்கே வருவது. அச்சிறு பறவை இடங்காட்டும் கருவியைச் சுமக்கவல்லதா என்பதை அறிய, டென்னசி மாநிலத்து மலைகளில் ஆராய்ச்சியாளர் சிலர் முயன்றனர். 2014 ஏப்ரல் இறுதியில் சூறாவளிகளைத் தன்னுட்கொண்ட பெரும்புயல் ஒன்று அமெரிக்காவின் நடுப்பகுதியினின்று கிழக்கு நோக்கி வந்தது. அதனால் 35 பேர் உயிரிழந்தனர். அது டென்னசியை அடைவதற்கு ஒருநாள் இருநாள் முன்னரே, கருவி பூண்ட ஐந்து குருவிகளும் தாம் அண்மையில் வந்து தங்கிய இடத்தைவிட்டுத் தெற்கே பறந்துவிட்டன. அப்பொழுது புயல் 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது; அம்மலைகளில் காற்றழுத்தமோ, வெப்பமோ, காற்றின் விரைவோ குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை.

பின் எதனால் உணர்ந்தன? கடும்புயல்கள் மனிதச் செவிக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்புகின்றன. நொடிக்கு இருபது அதிர்வுக்கும் குறைந்த அவ்வொலி, வலிகுன்றாது நெடுந்தொலைவு செல்லவல்லது. அதனையே குருவிகள் கேட்டிருத்தல் கூடும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இது நேரே மெய்ப்பிக்கப்பட்டதன்று. பிற காரணங்களை நீக்கியபின் எஞ்சிய ஊகமேயாம். ஐந்து குருவிகளைக்கொண்டு பறவையினம் முழுமைக்கும் விதி வகுத்தலும் பொருந்தாது. குருவிகள் இடம் பெயர்ந்த அந்நாள்களில் வானிலை நிலையத்தாரும் மக்களுக்குப் புயலை அறிவித்துக்கொண்டுதான் இருந்தனர். புயல் தணிந்ததும் அக்குருவிகள் வடக்கே திரும்பின. ஐந்து நாள்களில் 1500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, விட்டுச்சென்ற அதே மலைக்காட்டை மே மாதத் தொடக்கத்தில் மீண்டும் அடைந்தன.