பாலக்காட்டுச் சாலையில் சூரியக் குடும்பம்

பள்ளிப் பாடநூலில் சூரியக் குடும்பத்தின் படத்தைப் பார்க்காதவர் இலர். ஓரத்தில் மஞ்சள் நிறச் சூரியன். அதையடுத்துக் கோள்கள், வரிசையில் நிற்கும் சிறுவர்களைப்போல் நெருங்கி நிற்கின்றன. அதில் பெயர்கள் சரி, வரிசையும் சரி; தொலைவுகள் மட்டும் முற்றிலும் தவறு. அச்சிட்டவரைக் குறை கூறுவதற்கில்லை. உண்மை விகிதத்தில் வரைந்தால் அந்தப் பக்கத்தில் கோள்கள் கண்ணுக்கே தெரியமாட்டா. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவனுக்கு இன்னொரு நெருடலும் உண்டு. ‘குடும்பம்’ என்ற சொல் இனியதுதான். ஆனால் அதைக் கேட்டதும் ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்களே நினைவுக்கு வருகின்றனர்.

ஆகவே படத்தை மூடிவிட்டு ஒரு சாலைக்குச் செல்வோம். கேரளத்தின் பாலக்காட்டில் தொடங்கி, தமிழகத்தின் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து, சின்னாறு வழியாக மீண்டும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திற்குள் ஏறும் சாலை அது. ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கிக் கொள்வோம்.

பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் சூரியனை வைக்கிறோம். அது 14 மீட்டர் விட்டமுள்ள கோளம். நான்கு மாடிக் கட்டிடத்தின் உயரம். அங்கிருந்து 580 மீட்டர் நடந்தால் புதன், ஓர் எலுமிச்சை அளவு. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டினால் வெள்ளி. ஒன்றரைக் கிலோமீட்டரில் நமது பூமி, உரித்த தேங்காய் ஒன்றின் அளவு. அதிலிருந்து நான்கு மீட்டருக்குள் நெல்லிக்காய் போன்ற சந்திரன். மனிதன் கால் பதித்த எல்லை இந்த நான்கு மீட்டர்தான். 2023-இல் இந்தியா செலுத்திய ஆதித்யா-எல்1, தேங்காயிலிருந்து 15 மீட்டர் தள்ளி நின்று சூரியனைக் கவனிக்கிறது.

செவ்வாய் 2.3 கிலோமீட்டரில். அதன்பின் வெறுமை நீள்கிறது. 8 கிலோமீட்டரை நெருங்கும்போது வியாழன், ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உருண்டை. 14 கிலோமீட்டரில் சனி. கோபாலபுரத்தில் மாநில எல்லையை நெருங்கும்போது யுரேனஸ். பொள்ளாச்சியை அடையும்போது, 45-ஆம் கிலோமீட்டரில், நெப்டியூன். 2006-இல் குறுங்கோள் என வகைப்படுத்தப்பட்ட புளூட்டோ, பொள்ளாச்சிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடைப்பட்ட தூரத்தில் நெருங்கியும் விலகியும் 248 ஆண்டுகளில் ஒருமுறை சுற்றி வருகிறது. இவ்வளவு தொலைவிலும் சூரியனைத் தவிர நாம் வைத்த கோள்கள் அனைத்தையும் சேர்த்தால் ஒரு சிறிய லாரியில் ஏற்றிவிடலாம்.

ஒளியும் இங்கே சுருங்கிவிடுகிறது. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, இந்தச் சாலையில் நொடிக்கு 3 மீட்டர் செல்லும். நிதானமாக மிதிக்கும் ஒரு சைக்கிள்காரரின் வேகம். மைதானத்தில் புறப்பட்டவர் தேங்காயை அடைய 8 நிமிடம் 20 நொடி. பொள்ளாச்சியை அடைய நான்கு மணி நேரத்திற்கு மேல்.

நம் முன்னோர் இவற்றையெல்லாம் அறிந்திருந்தனர் என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அந்தப் பெருமை அவர்களுக்கே உகந்ததன்று. கி.பி. 499-இல் ஆர்யபடர் பூமியின் விட்டம் 1050 யோஜனை, சந்திரனுடையது 315, சூரியனுடையது 4410 என்றார். சந்திரன் ஏறக்குறையச் சரி. சூரியனோ பூமியைப்போல் 4.2 மடங்கு என்றாகிறது. உண்மையில் 109 மடங்கு. கோள்கள் யாவும் ஒரு நாளில் சம தூரம் செல்கின்றன என்று கொண்டு, சந்திரனை வைத்துச் சூரியனின் தொலைவைக் கணித்ததால் நேர்ந்தது இது. சூரியனின் தொலைவைக் காட்டும் இடமாறு தோற்றம் வெறுங்கண்ணுக்கு எட்டாத அளவு சிறியது. உலகின் பல பகுதிகளிலிருந்து 1761, 1769 ஆம் ஆண்டுகளின் வெள்ளிக் கடப்பைக் கவனித்த பிறகே அத்தொலைவு ஓரளவு துல்லியமாகப் புலப்பட்டது. ஆனால் பாலக்காடு மாவட்டத்தின் வழியே ஓடும் நிளா நதி கடலில் கலக்கும் இடத்தருகே வாழ்ந்த பரமேச்வரர், பல்லாண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணிதம் வானத்தோடு பொருந்தாத இடங்களைத் திருத்தி, 1431-இல் ‘த்ருக்கணிதம்’ எழுதினார். கண்டதற்கேற்பக் கணக்கை மாற்றத் துணிந்த அந்த நேர்மைதான் நாம் பெருமைப்பட வேண்டிய செல்வம்.

தேங்காயின்மேல் ஒட்டிய தூசியைவிடச் சிறியவர் நாம் என்று எண்ணும்போது மனம் சோர்வது இயல்பு. விச்வரூபம் கண்ட அர்ஜுனனே பழைய உருவைக் காட்டும்படி வேண்டினான். வேதாந்த மாணவன் இங்கே காண்பவனையும் காணப்படுவதையும் பிரித்துப் பார்க்கிறான். சிறியது என்பது உடலைப் பற்றிய தீர்ப்பு. தேங்காயும் 45 கிலோமீட்டரும் எந்த அறிவில் தோன்றுகின்றனவோ, அதற்கு எந்த அளவுகோலை வைப்பது? ஆயினும் இந்த விடைக்கு அவசரப்பட்டுத் தாவலாகாது. சாலையில் நடக்காமலே சொல்லப்படும் வேதாந்தம் வெறும் ஆறுதலாகிவிடும்.

சாலை இன்னும் முடியவில்லை. சின்னாறு வனத்தைக் கடந்து, 114-ஆம் கிலோமீட்டரில் மறையூர்ப் பக்கம் வந்தால், 2003-இல் கண்டறியப்பட்ட செட்னா என்ற சிறு பொருள் சூரியனை மிகவும் நெருங்கும் இடம். மூணாறைத் தாண்டிப் போடிமெட்டுக்குச் செல்லும் வழியில், 182-ஆம் கிலோமீட்டரில், 2012 ஆகஸ்டில் வாயேஜர்-1 சூரியக் காற்றின் எல்லையைக் கடந்தது. 1977-இல் புறப்பட்ட அவ்விண்கலம் இன்று மலையிறங்கித் தேனிப் பக்கம், ஏறத்தாழ 250-ஆம் கிலோமீட்டரில் இருக்கிறது. நம் சாலையில் அதன் வேகம் நாளொன்றுக்கு 15 மீட்டர்.

அடுத்த சூரியனை எங்கே வைப்பது? மிக அருகிலுள்ள விண்மீன் ப்ராக்ஸிமா செண்டாரி. அதற்கு இந்தச் சாலையோ இந்தப் பூமியோ போதாது. இதே அளவில் அது 4 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். இரவில் நாம் காணும் உண்மையான நிலவுக்கும் அப்பால். நமது சைக்கிள்காரர் இரவும் பகலும் மிதித்தால் அங்கே போய்ச்சேர நான்கு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆகும்.