மரபணு அறிக்கை தீர்ப்பு அல்ல

கேள்வி: அண்ணனுக்கு இதயத்தசை நோய். எனக்கும் மரபணுச் சோதனையில் ‘மாற்றம் உண்டு’ என்று வந்திருக்கிறது. மாரடைப்பு நிச்சயமா?
– வாசகர், மெட்டுகுடா

பதில்: நிச்சயமில்லை. உங்களுக்கு அருகே ஹப்சிகுடாவிலுள்ள சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட மாற்றம், இந்தியரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் உண்டு. நோயாளிகளிடம் அது அதிகம்தான். ஆனால் அதைச் சுமந்தபடியே நலமாக வாழ்வோர் ஏராளம். மேலும், நீங்கள் செய்துகொண்டது தசை பற்றிய சோதனை; மாரடைப்போ பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பால் வருவது. அப்படியானால் சோதனையே வீண் அல்லவா என்பீர்கள். வீணல்ல: அண்ணனின் நோய்க்கு உங்களிடம் உள்ள அதே மாற்றம்தான் காரணம் என்று உறுதியானால், உங்களுக்கு அவ்வப்போது எக்கோ, ஈசிஜி தேவை. அவருடைய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.