சிங்கம் பேசுகிற கதையை விசுவாசி வாசிக்கலாமா?



உபவாச ஜெபம் முடிந்த ஒரு மத்தியானம், ஒரு சகோதரி தன் மகனைக் கையோடு அழைத்து வந்தார்கள். "பாஸ்டர், இவன் சிங்கம் பேசுற கதை, சூனியக்காரி கதைன்னு படிக்கிறான். கொஞ்சம் கண்டிச்சு சொல்லுங்க" என்றார்கள். வாங்கிப் பார்த்தேன். சி. எஸ். லூயிஸ் 1950-ல் வெளியிட்ட கதை. அதில் துரோகம் பண்ணின ஒரு பையனுக்குப் பதிலாகச் சிங்கம் சாகிறது, பிறகு உயிரோடே எழும்புகிறது. "அம்மா, இது எந்தச் சிங்கம்னு தெரியலையா?" என்று கேட்டேன்.

கற்பனை எல்லாம் பொய் என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிடுகிறோம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் பிரசங்கித்தேன். ஆனால் நியாயாதிபதிகள் 9-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மரங்களெல்லாம் கூடி ராஜாவைத் தேடிப் போகிறது. ஒலிவமரம், அத்திமரம், திராட்சச்செடி எல்லாம் மாட்டேன் என்றபின் முட்செடி வருகிறது. மரம் பேசுமா? ஆனாலும் அபிமெலேக்கு எப்படிப்பட்டவன் என்று சீகேம் ஊராருக்குக் காட்ட யோதாமுக்கு அந்தக் கதைதான் உதவியது. எல்லாக் கதையையும் வாசிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மந்திரத்தின்மேல் ஆசை மூட்டுகிற கதை வேறு, மனந்திரும்ப வைக்கிற கதை வேறு.

ஜான் பனியன் பாத்திரம் பழுதுபார்க்கிற தொழிலாளி. வேதாகமக் கல்லூரி பக்கமே போகாதவர். அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 12 வருஷம் சிறையிலே கிடந்தார். 1678-ல் அவருடைய மோட்சப் பிரயாணம் வந்தது. இராட்சதன், கோட்டை, அக்கினி கக்குகிற பகைவன் எல்லாம் அதில் உண்டு. வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற திருநெல்வேலி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அந்தக் கதையையே தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்று பெருங்காவியம் பாடினார். அது 1894-ல் அச்சானது. பெருமாள் கோவில் பக்கத்திலே குடியிருக்கிற நமக்கு, கம்பன் தமிழைச் சுவைத்த ஒருவர் கிறிஸ்துவைப் பாடினார் என்றால் அதன் அருமை தெரியும்.

அந்தப் பிரயாணத்தில் ஒரு இடத்தை நான் மறக்கவே மாட்டேன். நடக்க வசதியாயிருக்கிறது என்று வழியை விட்டு விலகின இரண்டு பேரை, விரக்தி என்னும் இராட்சதன் பிடித்துச் சந்தேகக் கோட்டையில் அடைக்கிறான். அடிக்கிறதோடு விடவில்லை, 'இனி பிழைச்சு என்ன பிரயோஜனம்' என்று காதிலும் ஓதுகிறான். புதன் காலையிலிருந்து சனி இரவு வரை இருட்டறை. சனி நடுராத்திரியில் ஜெபிக்க ஆரம்பித்தார்கள், விடியற்காலம் மட்டும் ஜெபித்தார்கள். அப்போதுதான் ஒருவனுக்கு ஞாபகம் வருகிறது: 'என் மார்புக்குள்ளே ஒரு சாவி இருக்கிறதே!' அந்தச் சாவியின் பேர் வாக்குத்தத்தம். இத்தனை நாளும் அது அவனிடத்தில்தான் இருந்தது.

இதை ஏன் எழுதுகிறேன்? அந்தச் சகோதரியின் வீட்டுக்காரர் பட்டு நெசவு செய்கிறவர். கடன் நெருக்கி, மூன்று மாதமாய்த் தறிக்குழியில் இறங்கவில்லை, சபைக்கும் வரவில்லை. (அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) பையனிடம் பழைய தமிழ் மோட்சப் பிரயாணத்தைக் கொடுத்து, "அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டு தம்பி, நானும் வந்து உட்காருறேன்" என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கடைசி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் லேசில் அசையவில்லை, ஆனாலும் திறந்தது என்று பையன் வாசித்தபோது மெல்லத் திரும்பினார்.

"பூட்டு கஷ்டப்பட்டுத்தான் திறந்துச்சா?" என்றார். "அந்த இடத்தை இன்னொரு தரம் படிடா."