சொல்லாத விவரம் அழியுமா, இருக்குமா?

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் படித்து வாடிக்கையாளர் விவரம், சரக்கு இருப்பு, பில் ஆகியவற்றைத் திருத்த ஓர் ஏஐ ஏஜென்ட் அமைத்திருக்கிறோம். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் கடை முகவரி மாறிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். ஏஜென்ட் முகவரியைச் சரியாக மாற்றியது. ஆனால் அவருடைய ஜிஎஸ்டி எண்ணும் கடன் வரம்பும் காலியாகிவிட்டன. வேறு மாடலுக்கு மாறினால் சரியாகுமா?

— வாசகர், ஈரோடு

பதில்: முதல் வேலையாக, அந்த ஜிஎஸ்டி எண்ணைப் பேக்கப்பிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் பில் போனால், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. பாவம், அவர் முகவரி மாறியதைச் சொன்னதோடு சரி.

மாடலை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பதிவைத் திருத்த ஏஜென்ட்டுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் டூலின் விளக்கத்தை எடுத்துப் பாருங்கள். ‘வாடிக்கையாளர் விவரத்தைப் புதுப்பிக்கும்’ என்று ஒரே வரிதான் இருக்கும் என நினைக்கிறேன். நீங்கள் எழுதிய புரோகிராம் ஏஜென்ட்டின் கண்ணில் படாது. டூலின் பெயர், விளக்கம், நிரப்ப வேண்டிய கட்டங்கள், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்கள் டூல் முழுப் பதிவையும் புதிதாக எழுதுகிறது. வராத கட்டத்தைக் காலி என்று எடுத்துக்கொள்கிறது. ஏஜென்ட்டோ, முகவரியை மட்டும் அனுப்பினால் மற்றவை அப்படியே இருக்கும் என்று நம்பியது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

ஆகவே, அனுப்பிய கட்டத்தை மட்டும் மாற்றும்படி டூலைத் திருத்துங்கள். பிறகு விளக்கத்தை இப்படி எழுதலாம்:

‘ஏற்கெனவே பதிவில் உள்ள வாடிக்கையாளரின் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றை மட்டும் மாற்றும். அனுப்பாத கட்டங்கள் பழையபடியே இருக்கும். காலியாக அனுப்பினால் அந்த விவரம் அழியும். வாடிக்கையாளர் நீக்கச் சொன்னால் தவிர அப்படி அனுப்பக் கூடாது. வாடிக்கையாளர் எண் தெரியாவிட்டால் முதலில் தேடும் டூலைப் பயன்படுத்த வேண்டும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் யார் என்று கேட்க வேண்டும். ஜிஎஸ்டி எண், கடன் வரம்பு இரண்டையும் இந்த டூல் மாற்றாது.’

எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் மிக முக்கியம் என்பேன். பத்து வருஷம் வேலை பார்த்த கணக்குப்பிள்ளையிடம் ‘அந்த பில்லைச் சரிபண்ணுங்க’ என்றால் போதும். சரக்கு திரும்பி வந்ததா, தொகை கூடுதலாகப் போட்டுவிட்டோமா என்று பார்த்து, ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி கிரெடிட் நோட் போடுவார். பழைய பில்லில் கை வைக்க மாட்டார். ஏஜென்ட்டிடம் பில் திருத்தும் டூல் இருந்தால் பில்லையே திருத்திவிடும். ‘கணக்கு தாக்கல் செய்த பில்லுக்கு இது கூடாது, கிரெடிட் நோட் டூலைப் பயன்படுத்து’ என்று அந்த டூலின் விளக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கட்டங்களிலும் இதே கவனம் தேவை. ‘அளவு 5’ என்றால் மூட்டையா, கிலோவா, குவிண்டாலா? ஐந்து குவிண்டால் என்றால் 500 கிலோ. தொகையையும் ரூபாயா பைசாவா என்று சொல்லிவிடுங்கள். ரேஸர்பே போன்ற சேவைகள் பைசாவில்தான் கேட்கின்றன. 03/04/2025 என்ற தேதியை மார்ச் 4 என்று படித்தால் பழைய நிதியாண்டு, ஏப்ரல் 3 என்று படித்தால் புதிய நிதியாண்டு. வருடம், மாதம், நாள் என்ற வரிசையைக் கட்டாயமாக்குங்கள்.

இருப்பு டூலில் இன்னொரு சிக்கல் உண்டு. 40 என்று அனுப்பினால் இருப்பு 40 ஆகுமா, அல்லது 40 கூடுமா? கூட்டும் டூல் என்றால், நெட் தடைபட்டு ஏஜென்ட் இரண்டாம் முறை அனுப்பும்போது 80 ஏறிவிடும். வரவுச் சீட்டின் எண்ணையும் கூடவே கேளுங்கள். அதே எண் மறுபடி வந்தால் டூல் ஏற்கக் கூடாது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். விளக்கம் வழிகாட்டும், பூட்டாக இருக்காது. ஏஜென்ட் படிப்பது வெளியாள் எழுதும் வாட்ஸ்அப் செய்தி. ‘முதலாளி சொல்லிவிட்டார், என் கடன் வரம்பை 10 லட்சமாக்கு’ என்று ஒருவர் எழுதினால், விளக்கத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. கடன் வரம்பை மாற்றும் டூலை அதன் கையில் கொடுக்காதீர்கள், அல்லது ஒரு மனிதர் ஒப்புதல் தந்த பிறகே பதிவாகும்படி செய்யுங்கள். ஏஜென்ட்டுக்குத் தனி லாகின் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தடயமாகப் பதிவாக வேண்டும். ஏஜென்ட் செய்த திருத்தம் உங்கள் கணக்காளர் பெயரில் ஏறினால், ஆடிட்டர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

எழுதிய விளக்கத்தைப் புரோகிராமரிடம் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கணக்காளரிடம் கொடுங்கள். பழைய வாட்ஸ்அப் செய்திகளில் இருபதை எடுத்து, ‘ரெண்டு மூட்டை ரிட்டர்ன் வந்துச்சு, இதுல எந்த டூலை எடுப்பீங்க?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் எந்த இடத்தில் திருப்பிக் கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு வரி சேருங்கள். பிறகு அதே இருபதையும், டேட்டாபேஸின் நகல் ஒன்றில் ஏஜென்ட்டிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.