ஆலய வீரர்: வரலாறும் கட்டுக்கதையும்

யெரூசலேமுக்குச் சென்ற கிறித்தவ யாத்திரிகரை வழிப்பறிக்காரரிடமிருந்து காக்கும்பொருட்டு, 1119ஆம் ஆண்டளவில் ஊக் தெ பேயன் என்பார் தலைமையிற் சில வீரர் ஒன்றுகூடினர். சாலமோனின் ஆலயம் இருந்ததாகக் கருதப்பட்ட இடத்தில் அரசன் உறையுள் அளித்தமையால், இவர் 'தெம்பிளர்', அஃதாவது ஆலய வீரர், எனப்பட்டனர். துறவு நோன்பையும் வாளையும் ஒருங்கே தாங்கியோர் இவர்.

தனி வீரன் பொருள் வைத்திருத்தலாகாது. சபைக்கோ நிலமும் பொன்னும் குவிந்தன. பிரான்சிய மன்னரின் கருவூலமே பாரிசில் இவர்தம் கோட்டையிற் காக்கப்பட்டது. 1291இல் ஏக்கர் நகர் வீழவே, இவர் தோன்றிய நோக்கம் நலிந்தது, செல்வம் நின்றது. பணமுடையுற்றிருந்த நான்காம் பிலிப்பு மன்னன், 1307 ஒக்டோபர் 13ஆம் நாள் பிரான்சிலிருந்த வீரரைச் சிறைப்படுத்தினான். சிலுவையை இகழ்ந்தனர், விக்கிரகத்தை வணங்கினர் என்பன குற்றச்சாட்டுகள். வதையுண்டோர் பலர் அவற்றை ஒப்புக்கொண்டனர். அதனை மறுத்துரைத்த 54 பேர் 1310இல் எரிக்கப்பட்டனர். 1312இல் பாப்பரசர் ஐந்தாம் கிளெமந்து சபையைக் கலைத்தார். 1314இல் இறுதித் தலைவர் சாக் தெ மொலேயும் தம் வாக்குமூலத்தை மறுத்துத் தீக்கிரையானார்.

அவ்வாண்டிலேயே பாப்பரசரும் மன்னனும் இறந்தமையால், மொலேயின் சாபக்கதை வளர்ந்தது. மறைந்த புதையல், இரகசியச் சங்கம் எனப் பின்னும் பல கதைகள் கிளைத்தன. ஆயின், பாப்பரசரின் தூதர் 1308இலேயே மொலேக்குப் பாவமன்னிப்பு அளித்தமையைக் காட்டும் சினோன் ஏடு, 2001இல் வத்திக்கான் சுவடிச்சாலையிற் கண்டறியப்பட்டது.

சாபத்தையும் புதையலையும் கட்டுக்கதையென நாம் எளிதில் ஒதுக்குகின்றோம். அவற்றுக்கெல்லாம் முந்திய கட்டுக்கதை, வதைத்துப் பெற்ற வாக்குமூலமே. அஃது அரசமுத்திரை தாங்கி வந்தமையால் உலகம் நம்பிற்று. எழுத்திலுள்ளது எதுவாயினும், சொன்னவன் எந்நிலையிற் சொன்னான் என முதற்கண் வினவுதல் வரலாறு கற்போர் கடனாம்.