ஆராய்ச்சியும் கணினிக் காவலும்

ஆராய்ச்சி யென்பது அறிவைத் தேடுதல் மாத்திரமன்று. தேடியதைப் பழுதின்றிக் காத்தலும் அதன்பாற் பட்டதேயாம். ஏட்டுச் சுவடிகளுக்குச் செல்லும் தீயும் பகை. இக்காலத்து ஆராய்ச்சிக் குறிப்புக்களோ கணினியில் உறைகின்றன. அவற்றிற்குப் பகைவர் நெடுந்தொலைவிலிருந்து கண்ணுக்குப் புலனாகாமல் வருங் கள்வர். இக்காவல் கணினித் துறையார்க்கே உரியது, நமக்கென்ன என்பார் பலர். அக்கூற்றுப் பொருந்தாமையை ஒரு வரலாற்றால் விளக்குவாம்.

1986-ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், கிளிபோர்டு ஸ்டோல் என்னும் வானநூல் அறிஞர் கணினிப் பணியில் அமர்ந்திருந்தார். கணினியைப் பயன்படுத்தியோர் செலுத்த வேண்டிய கட்டணக் கணக்கில் 75 சென்ட் குறைந்தது. சிறு தொகையென்று தள்ளாது அவர் ஆராயவே, அயலான் ஒருவன் உட்புகுந்தமை வெளிப்பட்டது. அக்கூடத்தில் இராணுவ இரகசியம் யாதுமில்லை. ஆயினும் அதனையே வாயிலாகக் கொண்டு அவன் வலையமைப்பின் வழியே இராணுவக் கணினிகளை நாடினான். அவற்றுட் சிலவற்றில் எங்ஙனம் புகுந்தான்? கணினி வந்த நாளில் அமைந்திருந்த கடவுச்சொல்லை எவரும் மாற்றாமையாலும், எளிதில் ஊகிக்கத்தக்க சொற்களை வைத்திருந்தமையாலுமே. ஸ்டோல் பொய்க் கோப்புக்களை இரையாக வைத்து அவனை நெடுநேரம் தொடர்பில் நிறுத்தினார். ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்து மார்க்கஸ் ஹெஸ் என்பானே அவனென்பது தெரியலாயிற்று. அவனும் கூட்டாளிகளும் திருடியவற்றைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றவர்கள். 1990-இல் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்றனர்.

இதனால் நாம் அறியற்பாலன இரண்டு. "என் கணினியில் திருடத்தக்கது யாதுளது?" என்பது பேதைமை, திறந்த சிறு வாயில் பிறர் மனைக்கும் வழியாகும். ஆதலின் நெடிய, தனித்த கடவுச்சொல்லும், அதனோடு இரண்டாவதொரு சரிபார்ப்பும் வேண்டும். மற்றொன்று, சிறு முரணைக் கண்டவிடத்தும் மறையாது உரியோர்க்கு உடனே உரைத்தல்.

கள்வரின்றியும் கேடு வருதலுண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானியக் கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில், பிரதியெடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் 77 டெராபைட் அளவான கோப்புக்கள் அழிந்தன. காத்தற்கு அமைந்த கருவியே அழித்தற்குக் கருவியாயிற்று! ஆகவே, பிரதியொன்றை வேறிடத்தில் தனித்து வைத்தலும், அது மீளத் திறக்கின்றதா என்று இடையிடையே சோதித்தலும் கடன்.

இவையனைத்தினும் தலையாய கடமை பிறர் நம்பி யளித்த செய்தியைக் காத்தல். நோயாளி தம் நோயை உரைப்பார். நாட்டுப்பாடல் பாடும் மூதாட்டி தம் குடும்பத் துயரையும் உடனுரைப்பாள். நம் குறிப்பு அழியின் நம் உழைப்பே வீணாம். அவர் மறை வெளிப்படின் அவர் வாழ்வே குலையும். ஆதலின் பெயரை வேறாகவும் செய்தியை வேறாகவும் பிரித்து வைத்து, குறியாக்கஞ் செய்து, வேண்டுவோர்க்கன்றிப் பிறர்க்குக் காட்டாது, ஒப்பிய காலம் முடிந்தபின் அழித்துவிடல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! வள்ளுவர் பொச்சாவாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மறதியின்மையாகிய அக்குணமே ஆராய்ச்சியாளனுக்கு முதற் பூட்டும் காவலுமாம்.